ஊழியம் முதலில், படிப்பு அப்புறம்

இளைஞர் ஊழியம் செய்துவந்த ஒரு மெனோனைட் வாலிபர் (போரில் சேருவதை மரபாக மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவு இது) அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எல்கார்ட்டில் உள்ள செமினரிக்கு, அதாவது இறையியல் கல்லூரிக்கு, படிக்கப் போவதாக ஒரு கட்டுரை சொல்கிறது. அதை, ஊழியத்தையே விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்வது சரியில்லை. மெனோனைட்டுகளுக்குப் பெயர் தந்த மெனோ சைமன்ஸே 1524இல் கத்தோலிக்கக் குருவானவராகி, அதற்கு அப்புறம்தான் வேதத்தை ஊன்றிப் படித்தார்; 1531இல் நெதர்லாந்தின் லேவார்டனில் ஒரு தையல்காரர் பெரியவரான பின் மறுபடி ஞானஸ்நானம் பெற்றதற்காகத் தலை வெட்டப்பட்டதைக் கேள்விப்பட்டு, குழந்தை ஞானஸ்நானத்துக்கு வேதத்தில் ஆதாரம் தேடி, கிடைக்காமல் தவித்து, கடைசியில் 1536இல் கத்தோலிக்க சபையை விட்டே வெளியேறினார். ராணுவத்தில் சேரலாமா என்று பதினெட்டு வயதுப் பையன் நேருக்கு நேர் கேட்டால், முகாமில் பாட்டு சொல்லிக்கொடுத்த அனுபவம் மட்டும் போதாது, பகைவரையும் நேசிக்கச் சொல்லும் இயேசுவின் மலைப்பிரசங்கத்தை ஆழமாகப் படித்திருக்க வேண்டும். கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்த வாலிபருடைய சபையே ஏற்கட்டும்.