ஒரு காய்ச்சல், மூன்று பட்டியல்

கேரளத்தில் நிபா வைரஸ் என்ற பேச்சு எழுந்தாலே, தமிழக எல்லையை ஒட்டிய வாளையார் பக்கம் குடியிருக்கும் எங்களுக்கு நெற்றியை நீட்டும் வேலை தொடங்கிவிடும். பஸ்ஸில் வருகிறவனைச் சோதிப்பார்கள். காரில் போகிறவனுக்குக் காய்ச்சலே வராது போலும்!

மத்திய அரசுக்கு, மாநிலத்துக்கு, இருவருக்கும் பொதுவாக என்று அரசியல் சட்டம் அதிகாரங்களை மூன்று பட்டியலாகப் பிரித்திருக்கிறது. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில். மாநிலம் விட்டு மாநிலம் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில். மாநிலங்களுக்கு இடையிலான தனிமைப்படுத்தலோ மத்தியப் பட்டியலில். 2020-இல் டெல்லி 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் காட்டி நாட்டையே பூட்டியது. கோயம்புத்தூரில் வேலை பார்த்த நாங்கள் மட்டும் இரண்டு மாநிலங்களிடமும் தனித்தனியே பாஸ் கேட்டு அலைந்தோம்.

எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான எங்கள் வார்டு ஆஷா அக்காவுக்குத் தெரியும். அவரிடம் யார் கேட்கிறார்கள்? தெர்மாமீட்டருக்கு பேட்டரி மாற்றக்கூட மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கிறார், பாவம்.