மூன்றாம் மாடிக்கு ஏறி வாங்க தலைவரே

மாணவர் யூனியன் தேர்தலில் புதிதாக ஜெயித்த தலைவர் மாணவர்களைச் சந்திக்கும் அந்த வீடியோவில் ஒரு பெண் கேட்டது தண்ணீரைப் பற்றி. விடுதி மூன்றாம் மாடிக்குக் காலை ஏழு மணிக்கு மேல் தண்ணீர் ஏறுவதில்லை, எட்டரைக்கு லேப், என்ன செய்வது என்று கேட்டாள். அதற்கு "கியூஆர் கோடு இருக்கு, ஸ்கேன் பண்ணி ஃபார்ம்ல போடுங்க, டீம் பாத்துக்கும்" என்று சொல்லி மைக்கை அடுத்த பக்கம் நீட்டச் சொன்னவரைத்தான் இரண்டு நாளாக "மாணவர்களோடு கனெக்ட் ஆகும் புதிய தலைமை" என்று என் டைம்லைன் முழுக்கப் பரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எந்த வீடியோ என்று கேட்காதீர்கள். ஷேர் செய்தவர்களில் பாதிப் பேர் என்னோடு அதே மெஸ்ஸில் தின்றவர்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தப் பின்னணி இசையை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். மைக் போன பிறகும் அவள் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருப்பாள்.

நிகழ்ச்சிக்குப் பெயர் மாணவர் சந்திப்பு. மேடையில் வெள்ளை உறை போட்ட சோபா, ஆளுக்கொரு பொக்கே, தலைக்கு மேல் ட்ரோன். ஓட்டுக் கேட்டு வந்தபோது இதே தம்பிகள் அறை அறையாகக் கதவைத் தட்டினார்கள். இரவு மெஸ்ஸில் சப்பாத்திக்கு வரிசையில் நின்றவன் தோளில் கை போட்டுப் பேசினார்கள். அப்போது மூன்றாம் மாடிக்கு வழி தெரிந்திருக்கிறது. ஓட்டு எண்ணி முடித்ததும் மாடி உயர்ந்துவிட்டதா என்ன?

நான் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். மாணவர்களோடு பழகுவது என்றால் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய் உட்காருவது. கேட்டதை எழுதிக்கொண்டு போவது. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் திரும்பி வந்து சொல்வது. திரும்பி வருவதுதான் இதில் கஷ்டமான பகுதி. முதல் தடவை எல்லாரும்தான் வருவார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்டால், எனக்காக ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். திட்டக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்த புதிதில் எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. இங்கிலீஷ் எழுதுவேன், வாய் திறந்தால் வராது. நோட்டீஸ் போர்டு பாதி இந்தியில் இருக்கும். யாரிடமும் கேட்காமல் அறைக்குள்ளேயே கிடந்த காலம் அது. ஒருநாள் ராத்திரி யூனியன் தேர்தலில் நின்ற ஒரு வேட்பாளர் கதவைத் தட்டினார். பீகார்க்காரர், அவர் இங்கிலீஷும் என்னுடையதைப் போலவே நொண்டும். உட்கார நாற்காலி இல்லை. என் இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்து, "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார். வந்து சேர்ந்ததிலிருந்து என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. ஸ்காலர்ஷிப் வரவில்லை என்றேன். நெட் என்ற தகுதித் தேர்வில் தேறாத ஆய்வு மாணவர்களுக்கு யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அப்போது கொடுத்துவந்த பணம்தான், எம்ஃபிலுக்கு மாதம் 5,000, பிஎச்டிக்கு 8,000. மாதக்கணக்காக நிலுவை. மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, வீட்டில் கேட்கவும் முடியாது.

அவருக்கு நான் ஓட்டுப் போடவில்லை. அவர் அமைப்பு எனக்குப் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஜெயித்த பிறகு மறுபடி வந்தார். அதே பெட்டி மேல் உட்கார்ந்து, "ஃபைல் ஃபைனான்ஸ் செக்‌ஷனில் ஒரு கையெழுத்துக்காக நிற்கிறது, நாளைக்கு நீயும் வா" என்றார். போனேன். என்னைப் போல நிலுவையில் இருந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர் எங்களுக்காகப் பேசவில்லை, எங்களைப் பேச வைத்தார். அந்த அதிகாரி முன்னால் நான் உடைந்த இங்கிலீஷில் நாலு வாக்கியம் பேசினேன். பணம் வந்தது கிடக்கட்டும், பேசினேன் இல்லையா? பின்னால் 2015-ல் அந்த உதவித்தொகையையே நிறுத்தப்போவதாக யூஜிசி சொன்னபோது, டெல்லியில் யூஜிசி அலுவலக வாசலில் ராத்திரி பகலாகப் பிள்ளைகள் கிடந்தார்களே, அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் இப்படி எத்தனை இரும்புப் பெட்டிகள் இருந்தன என்று எனக்குத் தெரியும். ரீல் பார்த்து யாரும் பனியில் படுக்க வரவில்லை.

சரி, இதற்கு என்ன பதில் வரும் என்பதும் தெரியும்.

"இப்பத்தானே ஜெயிச்சிருக்காங்க, டைம் கொடுங்க." ட்ரோனுக்கு டைம் இருந்தது.

"பல ஆயிரம் மாணவர்கள், ஒவ்வொரு அறைக்கும் எப்படிப் போக முடியும்? இது 90-கள் இல்லை பாஸ், ரீல்ஸ்தான் ரீச்." ரீச் என்கிறீர்கள், புரிகிறது. கணக்கே பார்ப்போம். டெல்லி பல்கலைக்கழக மாணவர் தேர்தலில் இல்லாத ரீச்சா? அங்கே தலைநகர் முழுக்கச் சுவர் தெரியாத அளவுக்குப் போஸ்டர். 2024-ல் செப்டம்பர் கடைசியில் ஓட்டுப் போட்டார்கள். ஒட்டின குப்பையைச் சுத்தம் செய்துவிட்டு வா, அப்புறம் எண்ணலாம் என்று உயர்நீதிமன்றம் நிறுத்தி வைத்ததில் முடிவு வர நவம்பர் 25 ஆகிவிட்டது. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 35 சதவீதம். அதே ஊரில், அதே ஆண்டு மார்ச்சில் ஜேஎன்யூ என்கிற ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 73 சதவீதம். அங்கே அச்சடித்த போஸ்டர் கிடையாது, கையால் எழுதியதுதான். தேர்தலை நடத்துவதே மாணவர்கள். வேட்பாளர் ஒவ்வொரு விடுதி மெஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து நின்று, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் ராத்திரி முழுக்க நடக்கும் விவாதத்தில் கிழிபட வேண்டும். இரண்டும் ஒரே அளவுப் பல்கலைக்கழகம் இல்லை, தெரியும். டெல்லி பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைகள் அதிகம், அதுவும் தெரியும். இருந்தாலும், முகத்துக்கு நேரே கேள்வி கேட்க முடிந்த இடத்தில்தான் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் மறுக்கலாம். கியூஆர் கோடைக் காட்டி மறுக்காதீர்கள்.

எல்லாரும் சீதாராம் யெச்சூரி படத்தைப் போடுவீர்கள், பின்னாளில் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவரானவர். நம்ம சென்னையில் பிறந்தவர் என்று பெருமையாகப் போடுவீர்கள். 1977, பக்கத்தில் இந்திரா காந்தி நிற்க, ஜேஎன்யூ வேந்தர் பதவியிலிருந்து நீங்கள் விலக வேண்டும் என்ற கோரிக்கையை மாணவர் தலைவராக யெச்சூரி வாசிக்கும் படம். இந்திராவும் விலகினார். நல்ல படம், நானும் பகிர்ந்திருக்கிறேன். அதில் அந்த இளைஞனைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்குமே, அந்தக் கூட்டத்தை எப்படிச் சேர்த்தார் என்று என்றைக்காவது யோசித்தீர்களா? மூன்று முறை அவரை யூனியன் தலைவராகத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் அவர்கள்.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். இன்றைய தலைவர்களுக்கு அப்படி மூன்று முறை நிற்க வழியில்லை. மாணவர் தேர்தல்களுக்கு விதி வகுத்த லிங்டோ கமிட்டி 2006-ல் சொன்னபடி நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு முறைதான் நிற்கலாம். தேர்தல் செலவு 5,000 ரூபாய், வருகைப் பதிவு 75 சதவீதம், அரியர் கூடாது, முடிவு வந்து இரண்டு வாரத்தில் கணக்குக் காட்ட வேண்டும், இப்படி நிறைய. பணபலத்தையும் அடிதடியையும் தடுக்க வந்த விதிகள், பலதும் நல்லவைதான். ஆனால் இந்த ஒரே முறை விதி இருக்கிறதே, அது ஜெயித்தவனை ஓட்டுப் போட்டவனிடமிருந்து விடுவித்துவிடுகிறது. மறுபடி ஓட்டுக் கேட்டு அந்தக் கதவைத் தட்டப்போவதில்லை. அடுத்து அவன் பார்க்க வேண்டிய முகம் கட்சித் தலைமையின் முகம். அந்த முகத்துக்குத்தான் ட்ரோன், சோபா எல்லாம். ஆக அந்தத் தம்பி தெளிவாகத்தான் இருக்கிறார். சரியான ஆளோடு கனெக்ட் ஆகிக்கொண்டிருக்கிறார். ஏமாந்தது அந்த மூன்றாம் மாடிதான்.

"நிர்வாகம் யூனியனுக்கு அதிகாரமே கொடுப்பதில்லை, அவர்கள் என்ன செய்வார்கள்?" என்று ஒரு தங்கை உள்பெட்டியில் எழுதியிருக்கிறாள். உண்மைதானம்மா. மோட்டார் வாங்கும் அதிகாரம் யூனியனுக்கு இல்லை. "வார்டனிடம் பேசினேன், மாட்டேன் என்றார், நாளைக்கு எல்லாரும் சேர்ந்து போகலாம்" என்று சொல்ல எந்த விதி தடுக்கிறது?

அப்புறம் என் பழைய அறைத்தோழன் ஒருவன். அவன் கமெண்டை அழிக்காமல் வைத்திருக்கிறேன். "நீ படிச்சு முடிச்சுப் போய்ட்ட, கேம்பஸ் விஷயத்துல உனக்கு என்ன?" என்று கேட்கிறான். டேய், மெஸ் பாக்கி கட்ட முடியாமல் ரெண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோமே, அது யாருடைய விஷயமாக இருந்தது? நீயும்தானே அன்றைக்கு ஃபைனான்ஸ் செக்‌ஷன் வாசலில் நின்றாய்?

எனக்கு என்ன என்றால், சொல்கிறேன். நம்ம ஊரில் பெரும்பாலான கல்லூரிகளில் இந்தத் தேர்தலே கிடையாது. 1965-ல் ஊரையே தெருவுக்கு இழுத்து வந்த மாணவர்கள் இருந்த மாநிலம். 1967-ல் விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்த மாநிலம். இன்றைக்குக் கல்லூரிகளில் போய்க் கேளுங்கள், வகுப்புப் பிரதிநிதியை ஹெச்ஓடி நியமிப்பார், அவன் அட்டெண்டன்ஸ் நோட்டு தூக்குவான். அதனால் என்ன ஆயிற்று, மாணவர்களுக்குத் தலைவர்களே இல்லாமல் போனார்களா? சென்னையில் பஸ் ரூட்டுக்கு ஒரு 'ரூட்டு தல' இருக்கிறான், அந்த ரூட்டில் வரும் மாணவர்களுக்குத் தலைவன். ஓட்டு வழியாக வரவிடாவிட்டால் ஃபுட்போர்டு வழியாக வருவான். அவனைப் பிடித்து உள்ளே போடுவதோடு நமக்குக் கடமை முடிந்துவிடுகிறது. என் அக்கா மகன் இப்போது ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. யூனியன் என்றேன். "போக்குவரத்து யூனியனா மாமா?" என்றான்.

இப்படி ஒரு ஊரிலிருந்து போனவனுக்குத்தான் தெரியும், தேர்ந்தெடுத்த ஒரு பிரதிநிதி கதவைத் தட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று. அதை வைத்திருப்பவர்கள் சோபாவில் உட்கார்ந்து வீணடிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாளைக்கு எவனாவது, "பாத்தீங்களா, யூனியன் இருந்தாலும் இந்த லட்சணம்தான், தேர்தலே வேண்டாம்" என்று இதே வீடியோவைக் காட்டுவான். அவனுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. நேற்று ஷேர் செய்த உங்களிடம் இருக்கிறதா?

கடைசியாக வழக்கமான கேள்வி. "அவ்வளவு அக்கறை இருந்தா நீங்க நின்னு பாக்கறது?" நிற்கிறேன் ஐயா, சந்தோஷமாக. ஆய்வு மாணவருக்கு 28 வயதுதான் உச்சவரம்பு என்கிறார் லிங்டோ. அவரிடம் கொஞ்சம் பேசி முடித்துக் கொடுங்கள், இல்லையென்றால் அதற்கும் ஒரு ஃபார்ம் இருந்தால் அனுப்புங்கள்.