மரக்கணக்கில் மண்ணையும் சேருங்கள்

காடு வளர்ப்புச் செய்தி என்றாலே ஓர் எண்ணிக்கை வந்துவிடும்: இத்தனை லட்சம் கன்றுகள். கன்று வைப்பதற்கு முன்னால் அந்த நிலத்தை என்ன பாடுபடுத்தினார்கள் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. புல்டோசர் விட்டுப் புதரை வழித்தார்களா, ஆழ உழுதார்களா, கிளைகளைக் குவித்துக் கொளுத்தினார்களா?

மண் மூச்சு விடுகிறது என்றால் கவிதை என்று நினைப்பவர்கள் உண்டு. அளந்தே பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் வளையத்தைத் தரையில் தட்டி இறக்கி, மூடியைக் கவிழ்த்து, கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே கரியமில வாயு நொடிக்கு நொடி ஏறுவது தெரியும். அதில் ஒரு பங்கு வேர்கள் விடுவது. மீதி, மட்கைத் தின்னும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் விடுவது. காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ள கார்பனைக் கூட்டினாலும் மண்ணில் இருப்பதற்கு ஈடாகாது.

அதை உழுதால்? மண்கட்டிக்குள் ஒளிந்திருந்த மட்கு உடைந்து வெளியே வரும், காற்று புகும். மரநிழலும் போய்விட்டதால் தரை சூடேறும். வெப்பம் 10 டிகிரி கூடினால், ஈரம் இருக்கும்வரை, நுண்ணுயிர்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஆனால் இங்கேதான் ஏமாந்து போகிறோம். மரத்தை வெட்டி, நிலத்தைக் கிளறியபின் அளந்தால் சில சமயம் மண் சுவாசம் குறைந்ததாகவே கருவி காட்டும். ஸ்வீடனில் பைன் மரங்களின் பட்டையை வளையமாக உரித்து, இலையில் செய்த சர்க்கரை வேருக்குப் போகாமல் தடுத்துப் பார்த்தார்கள். 2001-இல் வெளியான முடிவு: ஓரிரு மாதங்களில் மண் சுவாசம் பாதிக்கும் மேல் சரிந்தது. அதாவது அந்தப் பாதி, மரம் அப்போதுதான் காற்றிலிருந்து எடுத்ததைத் திருப்பி விட்டது. வெட்டிய காட்டில் அது நின்றுபோகும். மண்ணில் இருந்த பழைய கார்பன் சேமிப்பு கரைவதோ தொடரும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்று, மட்கை வழித்தெடுத்த வெற்றுத் தரையில் வளையத்தை வைத்தால் எண் குறைவாகத்தான் வரும். மட்கெல்லாம் பக்கத்து மேட்டில் கிடக்கிறதே! பணத்தை வேறு சட்டைக்கு மாற்றிவிட்டு, இந்தப் பையில் செலவே இல்லை என்பது மாதிரி.

சரி, நிலத்தைத் தொடவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. புல்லோடு போட்டி போட்டே செத்துப்போகும் கன்றுகள் ஏராளம். தயார் செய்த நிலத்தில் மரம் வேகமாக வளர்ந்து, இழந்ததை ஈடுகட்டவும் கூடும். கன்றைச் சுற்றி மட்டும் கொத்திவிட்டால் போதும் என்ற இடத்தில் முழு நிலத்தையும் புரட்டுவதைத்தான் கேட்கிறேன். நீர் தேங்கி, செடிகள் முழுதாக மட்காமலே அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிநிலங்களில் (peat) இந்த ஈடெல்லாம் நடக்காத கதை. பிரிட்டனில் 50 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான கரிமண்ணில் புதிதாகக் காடு போடக் கூடாது என்றே விதி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஹீதர் புதர்நிலங்களில் மரம் நட்ட பரிசோதனைத் திடல்களில், 12 ஆண்டு, 39 ஆண்டு கழித்துப் பார்த்தும் மரமும் மண்ணும் சேர்ந்த மொத்தக் கார்பன் கூடவில்லை என்று 2020-இல் எழுதினார்கள். அங்கே மரங்கள் நன்றாகத்தான் வளர்ந்தன!

கன்றுகளின் எண்ணிக்கையைத் தாராளமாகப் போடட்டும். பக்கத்திலேயே எத்தனை ஹெக்டேர் கிளறினார்கள், எவ்வளவு ஆழம் என்று இரண்டு எண்களையும் போடட்டும்.