வேலை, விலைவாசி, கல்லூரிச் செலவு: மூன்றும் ஒரே கவலைதான்

மக்களின் கவலைகளைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் லோக்நிதி-சிஎஸ்டிஎஸ் ஆய்வு அமைப்பு எடுத்த கருத்துக்கணிப்பைச் சுட்டியிருக்கிறது. பெரிய பிரச்சினை வேலையின்மை என்றவர்கள் 27 சதவீதம், விலைவாசி என்றவர்கள் 23 சதவீதம். சரி. ஆனால் அதைவைத்து, 'கல்விச் செலவு மக்களுக்குப் பெரிய கவலை இல்லை' என்ற முடிவுக்கு அந்தக் கட்டுரை வருவது சரியாகப் படவில்லை. பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த வீட்டில் இந்த மூன்றையும் பிரிக்க முடியாது.

எங்கள் வீட்டுக் கதையே சாட்சி. மகனுக்கு முதல் பட்டதாரி சலுகை கிடைத்தது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பதால் மகளுக்குக் கிடையாது. கலந்தாய்வில் அவளுக்குப் பொறியியல் இடம் கிடைத்தும், கல்விக் கட்டணத்துக்கு மேல் பேருந்து, விடுதி, சீருடை, 'இதர கட்டணம்' என்று நீண்டுகொண்டே போனது. அந்த 'இதர' என்ன என்று இன்றுவரை தெரியாது!

அப்புறம் கல்விக் கடன். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை என்பது விதி. நாங்கள் கேட்டது அதில் பாதிகூட இல்லை, ஆனாலும் வங்கியில் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். மூன்று முறை அலைந்த பிறகு கிடைத்தது. படிப்பு முடிந்து ஓராண்டுவரை தவணை கட்ட வேண்டாம் என்றாலும், வட்டி முதல் நாளிலிருந்தே ஏறுகிறது. மகள் படித்து முடித்து எட்டு மாதமாக வேலை தேடுகிறாள்.

கருத்துக்கணிப்புக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் நானும் 'வேலையின்மை' என்றுதான் சொல்லியிருப்பேன்.