பேர் கவின், நிறம் மாநிறம்

தங்கை மகனுக்குக் கவின் என்று பெயர் வைத்து நான்கு மாதம் ஆகிறது. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பேரு கவின்னு வச்சிட்டீங்க, புள்ள மாநிறமால்ல இருக்கான்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். தங்கை சிரித்துவைத்தாள். எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது.

கவின் என்றால் அழகு. அது எல்லோருக்கும் தெரியும். அந்த அழகுக்கு என்ன நிறம் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் சொல்லியிருக்கிறார். நல்ல பசுவின் பால், கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் தரையில் கொட்டிப் போவதுபோல, தன் அழகு தனக்கும் ஆகாமல் தன்னவனுக்கும் உதவாமல், பிரிவுத் துயரில் மேனியில் படரும் பசலை தின்னக் கிடக்கிறதே என்று ஒரு பெண் நொந்துகொள்கிறாள். அவள் வாயில் வரும் சொல் 'என் மாமைக் கவினே'. மாமை என்பது மாந்தளிரின் நிறம். பசலை படர்ந்தால் அந்த நிறம் வெளிறிவிடும். ஆக, அவள் கணக்கில் வெளுப்பதுதான் அழகு கெடுவது! நம்ம சொந்தக்காரர் கணக்கு அப்படியே தலைகீழ்.

குறளிலும் இந்தச் சொல் சோகமாகத்தான் வருகிறது. 1234, 1235 என்று அடுத்தடுத்த இரண்டு குறளும் 'தொல்கவின் வாடிய தோள்' என்றே முடிகின்றன. பிரிவில் வாடும் பெண்ணின் அழகுக்குச் சொன்ன சொல்லை ஆண் பிள்ளைக்கு வைக்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். தாராளமாக வைக்கலாம் என்பேன். ஏற்கெனவே இருந்தால்தானே வாட முடியும்? அப்புறம், அந்தச் சொல் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. கவின்மிகு என்கிறோம், கவின்கலை என்கிறோம். ஆண், பெண் பார்த்தா சொல்கிறோம்?

பெயர்ச் செயலி ஒன்றில் தேடினால் கவினை அயர்லாந்துக்காரன் ஆக்கிவைத்திருக்கிறார்கள். கெவினோடு குழப்பம். கெவின், 'கீவீன்' போல ஒலிக்கும் ஐரிஷ் பெயரிலிருந்து வந்தது. அதன் முதல் பாதிக்கு மென்மை, அழகு, அன்பு என்றெல்லாம் பொருள். பின்பாதி பிறப்பு. கிளெண்டலோ என்ற இடத்தில் ஆறாம் நூற்றாண்டில் மடம் கண்ட துறவியின் பெயர் அது. ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, பொருளும் பக்கத்தில்தான், ஆனால் உறவு கிடையாது. இப்படி அமைவது எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்காக ஒன்றை இன்னொன்றுக்குத் தத்துக் கொடுக்க வேண்டாம்.

இந்தப் பட்டியல்களை நம்பிப் பெயர் வைப்பவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. ஆரவ் என்றால் அமைதியாம். வடமொழியில் ஆரவம் என்றால் ஓசை, கூச்சல். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை வீறிடும்போது எது சரி என்று பெற்றவர்களுக்கே தெரிந்துவிடும்.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. காதுக்கு இனித்தால் அதுவே போதும். ஆனால் பொருள் சொல்லிப் பெருமைப்படப் போகிறோம் என்றால், ஒரு நல்ல அகராதியை ஒரு தடவை புரட்டிவிடலாம்.

அந்தச் சொந்தக்காரர் அடுத்த மாதம் மறுபடி வருகிறார். பாட்டைச் சொல்லிக் காட்டலாம் என்று இருக்கிறேன். கடைசி அடியின் முதல் இரண்டு சொல்லை மட்டும் விழுங்கிவிட வேண்டும். அதற்குப் பொருள் கேட்டுவிட்டால் தங்கை மாமியார் முன்னால் என்னால் சொல்ல முடியாது.