கட்டி அனுப்புகிறவர்களே, கொஞ்சம் கருணை காட்டுங்கள்

லினக்ஸில் பல ஃபைல்களை ஒரே மூட்டையாக்கும் டார் (tar) ஃபைலைக் கட்டி அனுப்பும் புண்ணியவான்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்குள் போட்டுக் கட்டினால் என்ன குறைந்துவிடும்? பிரித்த மறுநொடி ஹோம் டைரக்டரி முழுக்க ஃபைல்கள் சிதறிக் கிடக்கும், ஏற்கெனவே இருந்த ரீட்மீ மேல் புது ரீட்மீ ஏறி உட்கார்ந்திருக்கும், கேட்டுவிட்டுச் செய்யும் பழக்கமெல்லாம் டாருக்குக் கிடையாது. ஜிப் ஃபைலைப் பிரிக்கும் அன்ஜிப்பாவது (unzip) மேலே எழுதட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கும். சரி, வேறு இடத்தில் பிரிக்கலாம் என்றால் அந்த இடத்தைச் சொல்ல அன்ஜிப்புக்குச் சின்ன டி (-d), டாருக்குப் பெரிய சி (-C). சுருக்கிய .gz ஃபைலை விரிக்கும் கன்ஜிப் (gunzip) இன்னும் மோசம், விரித்த கையோடு மூல ஃபைலையே அழித்துவிடும், அது வேண்டுமென்றால் கே (-k) போட்டுக் கெஞ்ச வேண்டும். அப்புறம் அந்த எழுத்து வரிசை! டாருக்கு மைனஸ் போட்டு எக்ஸ்எஃப்இசட் (-xfz) என்று அடித்தால், எஃப்புக்கு அடுத்து வருவதை ஃபைல் பெயராக எடுத்துக்கொண்டு, 'இசட்' என்ற பெயரில் ஃபைலைத் தேடிப் போய், அப்படி ஒன்று இல்லையே என்று நம்மிடமே கைவிரிக்கிறது.