நான் சட்டத்துக்குத்தான் புதிது, வியாபாரத்துக்கு இல்லை

சனிக்கிழமை, வணிகச் சட்ட வக்கீல் வேலைக்கான நேர்காணலில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், முழுசாகத் திரும்பச் சொல்லப்போவதில்லை. "வீட்டில் வக்கீல் யாராவது உண்டா?" வரைக்கும் சரி, கேட்கட்டும். பி.காம்., அப்புறம் 8 வருடம் கொள்முதல் பிரிவில் வேலை, அதற்கப்புறம்தான் சட்டக் கல்லூரி என்றதும், "அந்த வேலை சலித்துப்போய் இங்கே வந்துவிட்டீர்களா?" என்று நேர்காணல் எடுத்தவர் கேட்டாரே, அதுதான் நாலு நாளாகத் தூங்க விடவில்லை. அப்பாவின் பட்டறையைப் பற்றிச் சொன்னேன். "இது சென்டிமென்ட். ஏன் வணிகச் சட்டம் என்ற கேள்விக்கு இது பதில் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் விண்ணப்பத்தை எடுத்துவிட்டார்.

பதில்தான் அது. அங்கே முடிக்க விடவில்லை, இங்கே சொல்கிறேன்.

அம்பத்தூரில் அப்பாவிடம் இரண்டு லேத் இருந்தது. 2011இல் ஒரு பெரிய கம்பெனிக்கு புஷ் என்ற இயந்திர பாகம் கடைந்து கொடுத்ததில் 4,80,000 ரூபாய் நின்றுபோனது. பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம், கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில், பணம் 90 நாளில் என்று போட்டிருந்தது. 90 நாள் முடிந்தும் வரவில்லை. மாதாமாதம் பஸ் ஏறிப் போவார். டீ கொடுப்பார்கள். "அடுத்த வாரம் போட்டுடறோம் சார்" என்பார்கள். இப்படியே 3 வருடம் ஓடியது. இந்த மாதிரி பாக்கிக்குச் சிவில் வழக்குப் போடுவதற்கான கெடுவே 3 வருடம்தான். அதற்குள் "பாக்கி இருக்கிறது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடத் தொடங்கும். வாயால் சொன்ன "அடுத்த வாரம்" எத்தனை இருந்தாலும் கெடு ஒரு நாள்கூட நீளாது. இது அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு லேத்தை விற்றோம்.

இதில் சென்டிமென்ட் எங்கே இருக்கிறது? ஒப்பந்தம் இருக்கிறது, சரக்கு விற்பனை இருக்கிறது, கெடு இருக்கிறது. வணிகச் சட்டம் என்றால் கம்பெனிகள் கோடிக்கணக்கில் கைமாறுவது மட்டும்தானா? வணிக நீதிமன்றங்களுக்கான சட்டம் 2015இல் வந்தபோது 1 கோடிக்குக் குறைந்த வழக்கு அங்கே போக முடியாது. 2018இல் அந்த வரம்பை 3 லட்சமாகக் குறைத்தார்கள். அப்பாவின் 4,80,000 இன்றைக்கு முழுக்க முழுக்க ஒரு வணிக வழக்கு. நான் சட்டத்துக்குத்தான் புதிது, வியாபாரத்துக்கு இல்லை.

"எல்லாரையும் கேட்கிற கேள்விதானே, இதற்கு இவ்வளவு கோபமா?" என்று இரண்டு நண்பர்கள் போனில் சொன்னார்கள். எல்லாரையும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் போன பையனின் பெரியப்பா வக்கீல். அவனிடம் ஏன் இந்தத் துறை என்று யாரும் கேட்கவில்லை, வெளியே வந்து அவனே சொன்னான். சம்பளத்துக்காகத்தானே என்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஆமாம், சம்பளமும் வேண்டும். எனக்கு வீட்டு வாடகை இருக்கிறது.

நியாயமான கேள்வி ஒன்று உண்டு. 17 வயதிலிருந்து 5 வருடம் சட்டமே படித்தவனும், 30 வயதுக்கு மேல் 3 வருடம் படித்த நானும் ஒன்றா? இல்லை. தீர்ப்புகளைத் தேடி எடுப்பதில் அவன் என்னைவிட வேகம். வாதம் எழுதுவதிலும் எனக்கு முன்னால் இருப்பான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சரக்கு வரத் தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் பிடித்தம் என்ற வரியை அவன் புத்தகத்தில் படித்திருக்கிறான். நான் அதைப் பிடித்திருக்கிறேன். மார்ச் கடைசியில் பணம் கொடுக்காமல் தள்ளிப்போட நல்ல சரக்குக்கு ரிஜெக்‌ஷன் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட மேஜைக்குப் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதை அங்கே சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அந்த 8 வருடமும் நான் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டர்களின் பின்பக்கமும் அதே பொடி எழுத்துதான், அதே 90 நாள்தான். மாதாமாதம் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்த ஒரு பெரியவருக்கு நானே டீ சொல்லியிருக்கிறேன். "அடுத்த வாரம் போட்டுடறோம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் சொன்ன அதே வார்த்தை. அந்த வேலை சலித்துப்போய் நான் வரவில்லை சார். அதற்கு மேல் அங்கே உட்கார முடியாமல் வந்தேன்.

மூன்றாவது செமஸ்டரில் குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் வருடச் சட்டத்தைப் படித்தேன். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டுவட்டி. சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. அப்பாவின் பட்டறை பதிவு செய்த குறுந்தொழில். ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

"இது அப்பவே இருந்துச்சா?"

"2006லேயே வந்துடுச்சுப்பா."

ஒன்றும் சொல்லாமல் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். ஏன் சொன்னோம் என்று இருந்தது. மறுநாள் காலையில் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பச்சை ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். 31 டெலிவரி சலான், ஒவ்வொன்றிலும் அந்தக் கம்பெனி வாசலில் போட்ட சீல், தேதியோடு. இத்தனை வருடமும் வைத்திருந்திருக்கிறார்.

"15 நாளுக்குள்ள அவங்க ஏதாவது எழுதிக் குடுத்திருக்காங்களான்னு பாரும்மா."

ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கடிதம்கூட இல்லை.